அறுபத்தெட்டாம் படி

நாலு வருஷத்துக்கு முந்தி நடந்தது இது. பதுளையிலிருந்து லுணுகலைக்குப் போகிற பாதையில், ஒரு தேயிலைத் தோட்டத்துப் பாடசாலையில் நான் நாலாம் வகுப்புக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் தவணை, ஐப்பசி மழை தொடங்கியிருந்த நேரம். அந்த வாரத்து மூன்று நாட்களை இப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு படபடவென்று அடிக்கும். கூடவே சிரிப்பும் வரும்.

எங்கள் பாடசாலை மேட்டின் உச்சியில். தொழிலாளர் குடியிருக்கிற லயங்கள் எல்லாம் கீழே, பஸ் பாதையோரம். கீழேயிருந்து பாடசாலை வாசல் வரைக்கும் ஒரே நீளமாக சீமெந்துப் படிக்கட்டு. பிள்ளைகளும் அதில்தான் ஏறி வர வேண்டும், பஸ்ஸை விட்டு இறங்கி நானும் அதில்தான் மூச்சு வாங்க வேண்டும்.

என் வகுப்பில் இருபத்தாறு பிள்ளைகள். தமிழ்ப் பாடம் என்றால் கிளிக்கூட்டம் மாதிரிக் கத்துவார்கள். "கணக்குப் புத்தகத்த எடுங்க" என்று சொன்னால் போதும், ஒருவருக்கு வயிற்றுவலி, இரண்டு பேருக்குத் தண்ணீர்த் தாகம், நாலு பேருக்கு அவசரமாக வெளியே போக வேண்டும். அவர்களைத் திட்ட எனக்கு மனம் வராது. அந்த வியாதி எனக்கே இருந்தது. சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்தை நான் இரண்டாம் தடவைதான் பாஸ் பண்ணினேன். அதை அந்தப் பாடசாலையில் யாரிடமும் சொன்னதில்லை.

ஒருநாள் காலை படியேறும்போது, இரண்டாம் வகுப்புச் சின்னதுகள் கையைக் காட்டி ஏதோ விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஜெயித்தவர் ஒரு படி மேலே ஏறலாம், தோற்றவர் ஒரு படி கீழே இறங்க வேண்டும். "நான் ஒன்னவிட அஞ்சு படி மேல!" என்று ஒருத்தி கத்துகிறாள். "இல்ல, நாலுதான், எண்ணிப் பாரு!" என்று மற்றவள் சண்டைக்கு வருகிறாள். நான் அப்படியே நின்றுவிட்டேன். இது கழித்தல் இல்லாமல் வேறென்ன? இதே கணக்கைக் கரும்பலகையில் எழுதிப் போட்டால் இதே பிள்ளைகள் கூரையைப் பார்ப்பார்கள்.

அன்றைக்கே பாடசாலை அதிபரிடம் ஓடினேன். அவர் தோட்டத்து ஆபீசில் பேசி அனுமதி வாங்கித் தந்தார். பாடசாலைச் சுவருக்கு அடித்து மிச்சமான வெள்ளை பெயின்ட் இருந்தது. அந்தச் சனிக்கிழமை, வகுப்புப் பிள்ளைகள் ஈயாக மொய்க்க, கீழ்ப் படியிலிருந்து ஒவ்வொன்றாக எண் எழுதிக்கொண்டே ஏறினேன். டின்னைப் பிடிக்க ஒரு சண்டை, பிரஷ் கழுவ ஒரு சண்டை. நடுவில் ஒரு தூறல் வந்து, எல்லோரும் ஓடிப்போய் மரத்தடியில் ஒதுங்கி, மழை வெறித்த பிறகு வந்து மறுபடி எழுதினோம். வாசலுக்குப் போனபோது நூற்றிருபத்துநாலு. இடுப்பு கழன்றுவிட்டது. ஆனால் கீழே திரும்பிப் பார்த்தால், அடேயப்பா! மலைக்கே யாரோ அளக்க அடிமட்டம் வைத்த மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு எங்கள் கணக்குப் பாடத்தைப் பார்த்திருக்க வேண்டும். மழை இல்லாத நேரமெல்லாம் படிக்கட்டில்தான். "முப்பத்தேழுல நிக்கிறேன். ஒம்பது படி எறங்குனா எங்க இருப்பேன்?" என்று கேட்டால், மனதுக்குள் கழித்துப் பார்த்து, விடையான படியைத் தேடி ஓடிப்போய் நிற்பார்கள். ஒருத்தி மூன்று மூன்றாக வருவாள், இன்னொருத்தி நாலு நாலாக வருவாள், இரண்டு பேரும் எந்தப் படியில் சந்திப்பார்கள் என்று பந்தயம். பன்னிரண்டில் சந்தித்ததும் ஒரே கூச்சல். இருபத்துநாலில் அதைவிடப் பெரிய கூச்சல். "டீச்சர், அடுத்தது முப்பத்தாறு! நான் சொல்றேன் பாருங்க, முப்பத்தாறு!" வயிற்றுவலிக்காரர்கள் எல்லாம் காலை ஏழு மணிக்கே வந்து படியில் நிற்கத் தொடங்கினார்கள். பகலில் கொழுந்துச் சாக்கோடு போகிற அம்மாமார்கூட நின்று பார்ப்பார்கள். "டீச்சர், நாங்களும் ஏழாம் வாய்ப்பாட்டப் படிச்சிட்டோம்ங்க!" என்று ஒரு அக்கா கீழேயிருந்து கத்தியது இன்னும் காதில் இருக்கிறது.

அதிபருக்குத் தலைகால் புரியவில்லை. வலயக் கல்விப் பணிமனைக்குச் சொல்லிவிட்டார். ஆரம்பக் கணிதத்துக்குப் பொறுப்பான ஆசிரிய ஆலோசகர் வெள்ளிக்கிழமை வருவதாகப் பதில் வந்தது. பிடித்துப்போனால் மற்றத் தோட்டத்து ஆசிரியர்களையும் கூட்டிவந்து காட்டுவாராம். எனக்குக் கால் தரையில் படவில்லை. கணிதத்தில் தோற்ற நான், கணிதம் படிப்பிக்கிற விதத்தை மற்றவர்களுக்குக் காட்டப் போகிறேன்!

அந்த வாரம் புதன்கிழமை. இடைவேளை முடிந்து மணி அடித்த பிறகு ஒரு பிள்ளை என் மேசையருகில் வந்து நின்றாள்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்றாவது வரிசையில், ஜன்னலோரம் உட்காருகிறவள். வகுப்பில் வாயே திறக்க மாட்டாள். எண்களை எழுதச் சொன்னால் ஆறை ஒன்பதாகவும், மூன்றைத் திருப்பிப் போட்டும் எழுதுவாள். எழுதியிருக்கிற எண்ணை வாசிக்கவும் நேரம் எடுக்கும். மெதுவான பிள்ளை என்று நானே என் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தேன். அம்மா விடியக் காலையில் பெரட்டில் அன்றைய வேலைக்குப் பெயர் கொடுக்கப் போய்விடுவதால், பாடசாலைக்கு முதல் ஆளாக வந்து படியில் உட்கார்ந்திருப்பாள்.

"டீச்சர், நாலு நாலா ஏறுனா அறுபத்தொம்பது வருது."

அவள் தானாக வந்து பேசிய முதல் வாக்கியம் அது. நான் அதைக்கூடக் கவனிக்கவில்லை. வெள்ளிக்கிழமைக்கு என்ன செய்வது என்ற யோசனையில் இருந்தேன்.

"நாலாம் வாய்ப்பாட்டுல ஒற்றை எண் வரவே வராதும்மா. அது அறுபத்தெட்டு. நீ ஒழுங்கா வாசிக்கல. போய் உக்காரு."

அவள் போய் உட்கார்ந்தாள். பாடசாலை விட்டதும் பார்க்கிறேன், தூறலில் தனியாகப் படியில் ஏறிக்கொண்டிருக்கிறாள். வாய் முணுமுணுக்கிறது. ஏறி வந்து மறுபடி என் முன்னால் நின்றாள்.

"அறுபத்தொம்பதுதான் வருது டீச்சர்."

எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. அப்போது செய்ததைத்தான் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. வாசல் படலையில் நின்ற மற்றப் பிள்ளைகளைப் பார்த்து, "கேட்டீங்களா, நாலாம் வாய்ப்பாட்டுல ஒற்றை எண் வருதாம்!" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. தலையைக் குனிந்துகொண்டு இறங்கிப் போனாள். தன் பிழையை யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்ற பயத்தில் வாழ்கிற ஆளுக்கு, அடுத்தவர் பிழை என்று சொல்வது எவ்வளவு சுலபம் பாருங்கள்.

வியாழக்கிழமை காலை வகுப்புக்குள் நுழைகிறேன், அவள் என் மேசையின் முன்னால் நிற்கிறாள். பாவாடை ஓரமெல்லாம் ஈரம். மேசை மேல் யூக்கலிப்டஸ் என்கிற கருப்பந்தைல மரத்துக் காய்கள், அந்தச் சின்னச் சின்ன மொட்டுக் காய்கள், குவியல் குவியலாக. எண்ணுவதற்கு நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே பத்துப் பத்தாகப் பிரித்து வைத்திருந்தாள். ஆறு குவியல். பக்கத்தில் தனியாக எட்டுக் காய்.

"என்னம்மா இது?"

"படிக்கு ஒரு காய் வச்சேன் டீச்சர். கீழ இருந்து அறுபத்தொம்பதுன்னு எழுதியிருக்கிற படி வரைக்கும். அப்புறம் எல்லாத்தையும் பொறுக்கிட்டு வந்தேன்." காய்களைக் காட்டினாள். "அறுபத்தெட்டுதான் இருக்கு."

ஒரு காய் எங்கேயாவது உருண்டு போயிருக்கும் என்று சொல்ல வாய் திறந்தேன். ஆனால் அந்த எட்டுக் காய்களையும் யாரும் தட்டிவிடாமல் அவள் கையை வளைத்து மறைத்துக்கொண்டு நின்ற விதம் என்னை நிறுத்தியது. "எல்லாரும் புத்தகத்தப் பாருங்க" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

கீழ்ப் படியில் நின்று, எழுதியிருக்கிற எண்களைப் பார்க்காமல், மேலே பார்த்தபடி காலால் எண்ணிக்கொண்டு ஏறினேன். ஒன்று, இரண்டு, மூன்று. அறுபத்தாறு. அறுபத்தேழு. அறுபத்தெட்டு. நின்று குனிந்து பார்த்தேன்.

என் காலடியில், என் கையாலேயே அழகாக எழுதிய 69.

ஒரு படி கீழே 67. அறுபத்தெட்டு என்ற எண்ணே அந்தப் படிக்கட்டில் இல்லை! மழைக்கு ஒதுங்கிவிட்டு வந்து மறுபடி தொடங்கினேனே, அங்கேதான் விட்டிருக்கிறேன். மூன்று வாரமாக நானும், இருபத்தாறு பிள்ளைகளும், தோட்டத்துச் சனமும் மிதித்து நடந்திருக்கிறோம். நாங்கள் எல்லோரும் எண்ணை வாசித்தோம், படியை எண்ணவில்லை. வாசிக்கச் சிரமப்பட்ட ஒரு பிள்ளை மட்டும் தன் காலை நம்பியிருக்கிறாள். நாலாம் வாய்ப்பாட்டில் ஒற்றை எண் வராது என்று நான் சொன்னது சரிதான். வராதது வந்தால் படியில்தானே பிழை இருக்க வேண்டும்? அந்த யோசனை எனக்கு வரவில்லையே!

நேரே அதிபரிடம் போனேன். அவர் நல்ல மனிதர். முகம் கறுத்துவிட்டது, ஆனால் கோபப்படவில்லை. "நாளைக்கு ஆலோசகர் வாறார் டீச்சர். இப்ப போய் இதக் கிளறுனா படிக்கட்டு முழுக்க அலங்கோலமாப் போயிரும். வெள்ளிக்கிழம முடியட்டும். அவர் என்ன படிய எண்ணிப் பார்க்கவா போறாரு?"

உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. சரி சார் என்று தலையாட்டிவிட்டே வந்தேன். அவளிடம் மெதுவாகப் பேசி, திங்கட்கிழமை பார்ப்போம் என்று சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டு வகுப்புக்குள் போனேன்.

அவள் இன்னும் மேசைப் பக்கத்திலேயே நின்றாள். வகுப்பே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரே ஒரு சொல் கேட்டாள்.

"சரியா, டீச்சர்?"

திங்கட்கிழமை சொல்கிறேன் என்று எப்படிச் சொல்வது? அறுபத்தெட்டு என்பது திங்கட்கிழமை வரைக்கும் அறுபத்தொன்பதாக இருக்குமா?

"சரி" என்றேன். வகுப்பைப் பார்த்துச் சத்தமாக மறுபடி சொன்னேன். "அவ சொன்னது சரி. டீச்சர் எழுதுனதுதான் பிழை. நேத்து அவளப் பார்த்துச் சிரிக்க வச்சதும் பிழை. மன்னிச்சிரும்மா."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "டீச்சருக்குப் பிழையா!" அவ்வளவுதான். வகுப்பு வெடித்தது. மேசையைத் தட்டுகிறார்கள், எழும்பிக் குதிக்கிறார்கள். ஏதோ தேரே வந்துவிட்ட மாதிரி. எல்லோரும் அறுபத்தெட்டாம் படியைப் பார்க்க ஓடினார்கள். அவளை முன்னால் தள்ளிக்கொண்டு போனார்கள். தூறலில் இருபத்தாறு பிள்ளைகளும் கீழேயிருந்து ஒரே குரலில் எண்ணிக்கொண்டு ஏறினார்கள். அறுபத்தெட்டு என்று கத்திய சத்தம் எதிர்மலையில் மோதித் திரும்பி வந்தது.

அதிபர் சத்தம் கேட்டு வெளியே வந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு அவரே, "சரி, இன்னிக்கே திருத்த முடியுமா பாருங்க" என்றார்.

அங்கேதான் உண்மையான கணக்குப் பாடம் தொடங்கியது. "எத்தன படிய மாத்தணும்?" என்று கேட்டேன். படியில் உட்கார்ந்து விரலை மடக்கினார்கள். "அம்பத்தஞ்சு!" "இல்ல, அம்பத்தாறு, அறுபத்தொம்பதையும் சேரு!" ஐந்து நிமிஷம் சண்டை. ஐம்பத்தாறுதான் சரி. வெள்ளை பெயின்ட் டின்னின் அடியில் ஒட்டியிருந்ததுதான் மிச்சம். ஒருத்தி சொன்னாள், "எல்லாத்தையும் அழிக்க வேணாம் டீச்சர், கடேசி எண்ண மட்டும் மாத்துனாப் போதும்." உடனே இன்னொருத்தி, "எழுவதுல ரெண்டும் மாறும்டி! அறுபத்தொம்பது ஆகுதுல்ல?" அப்புறம் எண்பது, தொண்ணூறு என்று ஓடிப்போய்ப் பார்த்தார்கள். நூறாம் படியில் எல்லோரும் நின்றுவிட்டார்கள். மூன்று எண்ணும் போய் இரண்டு எண்ணாகிறது! அந்தப் படி தொண்ணூற்றொன்பது ஆகிறது என்பதைப் பார்த்து ஒரு பிள்ளை, "ஐயோ, நம்ம நூறு மேல போயிருச்சு!" என்று கையைக் கொட்டியது. கடன் வாங்கிக் கழிப்பதை நான் இரண்டு தவணையாகத் தொண்டை கிழியச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு அது அந்தப் படியில் அரை நிமிஷத்தில் விளங்கியது.

செங்கல் துண்டால் பழைய எண்களைச் சுரண்டத் தொடங்கினோம். விஷயம் லயத்துக்குப் போய், பின்னேரம் வேலை விட்ட அம்மாமாரும் வந்துவிட்டார்கள். அவளுடைய அம்மா கையில் பாதி டின் நீலப் பெயின்ட். வீட்டுக் கதவுக்கு அடித்தது போக மிச்சமாம்.

"நேத்து வீட்டுக்கு வந்து ஒரே பிடிவாதம் டீச்சர்," என்றார் அவர். "டீச்சர் சொன்னாச் சரியாத்தான் இருக்கும், விடு புள்ளன்னு நான்தான் ஏசினேன். 'டீச்சர் சொல்றாங்க, ஆனா படி அப்பிடிச் சொல்லலியே அம்மா'ன்னு சொல்லிட்டு அந்தக் காயப் பொறுக்கப் போயிட்டா." பிறகு குரலைத் தாழ்த்தி, "எம்புள்ளைக்குக் கணக்கு வருதுங்களா டீச்சர்?" என்று கேட்டார்.

"எங்க எல்லாருக்கும் வராத கணக்கு அவளுக்கு வந்திருக்குங்க" என்றேன். அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கண் நிறைந்திருந்தது.

இருட்டுவதற்குள் முடித்தோம். அறுபத்தேழு வரைக்கும் வெள்ளை, அதற்கு மேல் நூற்றிருபத்துமூன்று வரைக்கும் மாற்றிய எண்ணெல்லாம் நீலம். சுரண்டிய இடத்தில் பழைய எண்ணின் நிழல் வேறு. அதிபர் பயந்த மாதிரியே அலங்கோலம்தான்.

மறுநாள் ஆலோசகர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். அதிகம் சிரிக்காத முகம். பாதிப் படியில் நின்று மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தார்.

"என்ன டீச்சர் இது? ஏன் இஞ்சையிருந்து நிறம் மாறுது? நீலத்துக்குக் கீழ வேற இலக்கம் கிடக்குதே."

அதிபர் என்னைப் பார்த்தார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவளைப் பார்த்துப் பிள்ளைகளைச் சிரிக்க வைத்ததையும் சேர்த்து. அவர் பையை அதிபர் கையில் கொடுத்தார், கால்சட்டையை ஒரு மடிப்பு மடித்துவிட்டார், கீழே இறங்கத் தொடங்கினார். அடிப்படி வரைக்கும்! அங்கிருந்து வாய்விட்டு எண்ணிக்கொண்டே மேலே வந்தார். அறுபத்தெட்டில் நின்று மூச்சு வாங்கினார்.

"ஆர் பிள்ளை இதைக் கண்டுபிடிச்சது?"

பிள்ளைகள் அவளை முன்னால் தள்ளினார்கள். அவர் அவள் உயரத்துக்குக் குனிந்து, "எப்பிடிக் கண்டுபிடிச்சனீங்கள்?" என்று மரியாதையோடு கேட்டார். வாயே திறக்காத பிள்ளை, நாலு நாலாக ஏறியதையும், காய் வைத்ததையும், பத்துப் பத்தாகக் குவித்ததையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். நடுவில் அவர் வேண்டுமென்றே, "ஒரு காய் உருண்டு போயிருக்கலாம்தானே?" என்று கேட்டார்.

"அதான் ரெண்டு தரம் வச்சேன் சார்," என்றாள் அவள்.

அவர் சிரித்தே விட்டார். எழும்பி என்னிடம், "டீச்சர், மற்ற ஆசிரியர்மாரைக் கூட்டிக்கொண்டு வாறன். இந்த நீலப் படியைத்தான் அவைக்கு முதல்ல காட்ட வேணும்" என்றார். அதிபர் விட்ட பெருமூச்சு எனக்குக் கேட்டது.

அவள் அதற்குப் பிறகு ஒன்றும் பெரிய கணித மேதை ஆகிவிடவில்லை. அடுத்த வருஷமும் ஆறைத் திருப்பித்தான் எழுதினாள். ஆனால் வாய் திறந்துவிட்டாள். வகுப்பின் போக்கும் மாறிவிட்டது. என் வரவுப் பதிவைச் சரிபார்க்கிறார்கள், புத்தகத்தின் பின்பக்க விடைகளைச் சந்தேகப்படுகிறார்கள், நான் கரும்பலகையில் எழுதி முடிப்பதற்குள் ஐந்தாறு கைகள் உயர்கின்றன. ஒவ்வொரு நாளும் பிழை பிடிக்க வருகிற அந்தக் கூட்டத்தின் முன்னால்தான் ஒருநாள் சொன்னேன், சாதாரண தரத்தில் நான் கணிதத்தில் ஒருமுறை தோற்றவள் என்று. யாரும் சிரிக்கவில்லை. "அப்புறம் எப்பிடி டீச்சர் பாஸ் பண்ணுனீங்க?" என்று மட்டும் கேட்டார்கள், அடுத்த படி எது என்று கேட்கிற மாதிரி.

இப்போது நான் வேறொரு பாடசாலையில் இருக்கிறேன். இன்றைக்கும் ஒரு பிள்ளை என் விடைக்கு மாறான விடையோடு வந்து நின்றால், சரியா பிழையா என்று சொல்ல நான் அவசரப்படுவதில்லை. "வா, போய் எண்ணிப் பார்ப்போம்" என்று அந்தப் பிள்ளையோடு எழும்பி நடக்கிறேன். ஒரு பிள்ளைக்குக் கணக்கின் மேல் ஆசை வருவது, தன் எண்ணிக்கையை எண்ணிப் பார்க்க ஒரு பெரியவர் கூட நடந்து வரும்போதுதான் என்பதை நான் அந்த மலைச் சரிவில், குடையைப் பிடித்துக்கொண்டு படித்தேன்.